படுக்கையறை: பூஜ்யம்

லோரீன் தன் மகள் டெஸ்ஸியின் கவுன்களை உதறி உதறி, பின்னறைச் சுவரில் வரிசையாக அடித்திருந்த மரமுளைகளில் மாட்டிக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு துணிக்கிளிப்புகள். அதனால்தான் வாசலில் யாரோ “வீட்ல யாரு?” என்று கேட்டபோது அவள் பதில் சொல்லவில்லை. கிளிப் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம். அந்த ஆற்றங்கரை ஊரான கால்டர் துறையின் தேவாலயத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கே அவள் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. பாட்டுப் பாடும்போதும் வாய் மட்டும்தான் அசையும்.

வந்தவர் பம்ஃப்ரி. ஊர் மன்றத்தின் வசிப்பிடச் சரிபார்ப்பு அலுவலர். போன மாதம் வரைக்கும் நாய் உரிமப் பிரிவில் இருந்தவர். நல்ல மனிதர், நேர்மையானவர். ஊரில் அத்தனை பேரும் அவரைக் கண்டு பயந்ததற்கு அந்த நேர்மைதான் காரணம். லஞ்சம் வாங்குகிறவரிடம் பேசி ஒரு வழிக்கு வரலாம். விதியை நம்புகிறவரிடம் என்ன பேசுவது? அவர் இடுப்பில் அளவுநாடா துப்பாக்கி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

“உங்க பிள்ளைக்கு இந்த வருஷம் பள்ளிக்கூடம். சரிதானேம்மா?”

லோரீன் தலையாட்டினாள். சரியோ சரி. டெஸ்ஸி இரண்டு வாரமாகச் சிவப்பு ஷூவைக் காலை விட்டுக் கழற்றவில்லை. தூங்கும்போதும் அது காலில்தான் இருந்தது. லோரீன் ஆறாவதோடு படிப்பை விட்டவள். மூன்று தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆளாக அவள் ஆனாள். தினமும் காலையில் மஞ்சள் பஸ் வாசலைத் தாண்டிப் போகும்போது தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னலில் நின்று பார்ப்பாள். இப்போது அதே மஞ்சள் பஸ் அவள் வாசலில் நிற்கப்போகிறது. அவளுக்கு உலகத்தில் வேறு ஆசை எதுவும் கிடையாது.

பம்ஃப்ரி தொண்டையைச் செருமிக்கொண்டார். “பக்கத்து ஊர்ப் பிள்ளைங்க நம்ம பள்ளிக்கூடத்துல வந்து சேர்ந்துடறாங்கன்னு புகார். அதனால புது விதி. எந்த ஊர்ல தூங்குதோ அந்த ஊர்ப் பிள்ளை. டெஸ்ஸி எங்கம்மா தூங்குது?”

லோரீன் அறையைக் காட்டினாள். பெரிய கட்டில் ஒன்று, அதை ஒட்டிச் சின்னக் கட்டில் ஒன்று. மூலையில், கணவன் ஹாய்ட்டின் தாத்தா காலத்து பைன் மர பீரோ. ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஆறு.

பம்ஃப்ரி நாடாவை ‘சர்ர்ர்’ என்று இழுத்தார். ஜன்னலுக்கு வெளியே மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின. சுவரைத் தட்டிப் பார்த்தார். பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் துக்கம் இருந்தது.

“சுவரலமாரி எங்கம்மா?”

லோரீன் பீரோவைக் காட்டினாள்.

“இது பீரோ. நகர்த்தக்கூடிய பொருள். நாளைக்கே நீங்க இதைத் தூக்கிட்டுப் போயிட்டீங்கன்னா, அப்போ இந்த அறை என்ன?”

லோரீன் கட்டிலைக் காட்டினாள்.

“கட்டிலும் நகர்த்தக்கூடிய பொருள்தான். கட்டில் இருக்கிறதெல்லாம் படுக்கையறைன்னா, கட்டில் கடை மொத்தமும் படுக்கையறை ஆயிடாதா?”

லோரீன் சுட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

பம்ஃப்ரி பொறுமையாக விளக்கினார். வசிப்பிடம் என்பது உறங்குமிடம். உறங்குமிடம் என்பது படுக்கையறை. படுக்கையறை என்பது, சுவரோடு சேர்த்துக் கட்டிய, கதவுடைய அலமாரியைத் தன்னகத்தே கொண்ட அறை. இந்த வீட்டில் அது கிடையாது. ஆகவே இந்த வீட்டில் படுக்கையறை: பூஜ்யம். ஆகவே இங்கு எவரும் உறங்குவதில்லை. ஆகவே இங்கு எவரும் வசிக்கவில்லை. ஆகவே டெஸ்ஸி இந்த ஊர்ப் பிள்ளை அல்ல.

“வேற எந்த ஊர்ப் பிள்ளையும் இல்ல, அது எனக்கும் புரியுது,” என்றார் பரிவோடு. “மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்மா.”

இது அறை இல்லை என்று ஒருவர் அவள் வீட்டுக்குள்ளேயே வந்து நின்று சொல்கிறார். லோரீன் வாழ்நாளில் யாரையும் கைநீட்டி அடித்தவள் அல்ல. ஆனால் அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. கை லேசாகத் துறுதுறுத்தது. கிளிப்பைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள்.

இந்த வரையறை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர்ச் சட்டப் புத்தகத்தில் படுக்கையறை என்றால் என்ன என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதை எழுதிய காலத்தில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால் மன்றம் ஒரு துணைக்குழு போட்டது. துணைக்குழு பலமுறை கூடிக் காப்பி குடித்தது. கடைசியில், ஊருக்கு மேற்கே புதிதாக முளைத்த வெள்ளிப் புல்வெளி நகர் வீடுகளுக்கு விற்பனைக்காரர்கள் அச்சடித்த வழவழப்பான விளம்பரத்தாளில் ‘அலமாரி இல்லாத அறை படுக்கையறையே அல்ல!’ என்று பெரிய எழுத்தில் இருப்பதைக் கண்டது. ஆச்சரியக்குறியை மட்டும் நீக்கிவிட்டு அதையே விதியாக ஏற்றுக்கொண்டது.

சாயங்காலம் பால் லாரியை நிறுத்திவிட்டு வந்த ஹாய்ட், சேதி கேட்டதும் சோளரொட்டியைப் பாதியில் வைத்தான்.

“யாரும் தூங்கலையா? ஏ புள்ள, என் குறட்டைக்கு எதிர்க்கரைக்காரன் படகு எடுத்துட்டு வந்து சண்டை போட்டானே, அது என்ன முழிச்சுக்கிட்டு விட்ட குறட்டையா?”

“மெதுவா பேசுங்க, பிள்ளை கேக்கும்,” என்றாள் லோரீன். வீட்டாரிடம் மட்டும் அவளுக்குக் குரல் உண்டு.

“கேக்கட்டும். இல்லாத பிள்ளைக்கு எப்படிக் கேக்கும்? அலமாரிதானே வேணும்? கட்டிடலாம். முதல்ல அது எப்படி இருக்கும்னு போய்ப் பாப்போம். கேண்டஸ் வீட்ல இருக்கு.”

கேண்டஸ் ஹாய்ட்டின் சித்தப்பா மகள். வெள்ளிப் புல்வெளி நகரில் வீடு வாங்கியதிலிருந்து நடையே மாறிவிட்டிருந்தது. அந்த நகரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பதில்லை. “உங்களுது உள்ள நடந்து போறதா, கையை விட்டு எடுக்கிறதா?” என்றுதான் கேட்பார்கள். கையை விட்டு எடுக்கிற அலமாரி வைத்திருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

கேண்டஸ் விருந்தாளிகளை முன்னறையில் உட்கார வைப்பதே இல்லை. நேரே அலமாரிக்குத்தான் கூட்டிப்போவாள்.

“செருப்பக் கழட்டிட்டு வாங்க. லோரி, அந்தத் தூணுல சாயாத கண்ணு, அது கண்ணாடி.”

ஹாய்ட் நாலாபக்கமும் பார்த்தான். கூரையில் சரவிளக்கு. நடுவில் சோபா. இரண்டு ஜன்னல். திருவிழாவில் காணாமல் போனவனைப் போல நின்று, “ஏ கேண்டஸ், அலமாரிக்குள்ள வந்துட்டமா, இல்ல இது வழியா?” என்றான்.

“இதுதான் அலமாரி. பார்த்துக்கோ. அந்த மூலையில கதவு தெரியுதுல்ல? அது அலமாரிக்குள்ள அலமாரி. கைப்பைக்கு மட்டும்.”

“அப்போ படுக்கையறை எங்க?”

கேண்டஸ் ஒரு சின்னக் கதவைத் திறந்தாள். கட்டில் மூன்று பக்கச் சுவரையும் தொட்டுக்கொண்டு கிடந்தது. கால்மாட்டிலிருந்து தவழ்ந்துதான் ஏற வேண்டும். “அலமாரிக்கு இடம் விட்டதுபோக மிச்சம் இது,” என்றாள் பெருமையாக.

சோபாவில் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தலை எழும்பியது. கேண்டஸின் கணவன் ரஸ்டி.

“என்ன மாப்ள, அலமாரியிலயா படுக்கிற?” என்றான் ஹாய்ட்.

“காத்தோட்டமா இருக்குடா,” என்று ரஸ்டி திரும்பிப் படுத்தான்.

வீடு திரும்பிய ஹாய்ட் மறுநாளே சுத்தியலை எடுத்தான். பின்னறை மூலையில் பலகை நிறுத்தி, கதவு வைத்து, குறுக்கே கொம்பு போட்டு, ஆள் நிற்கும் அளவுக்கு ஓர் அலமாரி கட்டினான். நல்ல வேலைப்பாடு. கதவு சத்தமில்லாமல் மூடியது. ஒரே ஒரு குறை. அதற்கப்புறம் பெரிய கட்டில் அறைக்குள் அடங்கவில்லை. அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போட முடிந்தது. ஆகவே ஹாய்ட் முழங்கால் வரைக்கும் அறையிலும் அதற்குக் கீழே அலமாரியிலுமாகத் தூங்கினான்.

பம்ஃப்ரி இரண்டாம் முறை வந்தார். சர்ர்ர். கோழிகள் ஓடின.

“அலமாரி அருமை,” என்றார் மனமார. “ஆனா இப்போ அறை போயிடுச்சே. குறைஞ்சபட்ச அளவுக்கு ஒரு சாண் கம்மி. அறையே இல்லாம அலமாரி மட்டும் இருக்கு.”

“யோவ் பம்ஃப்ரி, போன வாரம் அறை இருந்துச்சு, அலமாரி இல்ல. இப்போ அலமாரி இருக்கு, அறை இல்ல. ரெண்டு வாரத்தையும் சேத்து எழுதிக்கயேன்.”

“அப்படி ஏற்பாடு இல்ல, ஹாய்ட். இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. பழைய ஊர் விதிப்படி, கதவு வச்ச, ஆள் நிக்கக்கூடிய இடம் எதுவானாலும் அது ஒரு அறை. அதாவது நீ கட்டினது அலமாரியே இல்ல. அறை.”

ஹாய்ட்டின் முகம் மலர்ந்தது. “அப்போ டெஸ்ஸி அதுலயே படுத்துக்கட்டும்! அதைப் படுக்கையறைன்னு எழுது.”

பம்ஃப்ரி கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். மெல்ல மூடினார். “அதுக்குள்ள அலமாரி இல்லியே.”

லோரீன் முந்தானை மாதிரி கழுத்தில் கிடந்த ஏப்ரன் நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்றைக்கே ஹாய்ட் அலமாரியைப் பிரித்துக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டோடு சேர்த்து அடித்தான். கோபத்தில் அடித்தாலும் கச்சிதமாகத்தான் பொருந்தியது. கிளம்பிக்கொண்டிருந்த பம்ஃப்ரி நின்று பார்த்தார். கூட்டை அளந்தார். ஒட்டியிருந்த அலமாரியை அளந்தார். கதவைத் திறந்து மூடினார்.

“இது படுக்கையறைதான்,” என்றார்.

“என்னது?”

“தனி அறை, சுவரோட சேர்ந்த அலமாரி, நல்ல வெளிச்சம். உங்க கோழிங்க இந்த ஊர்வாசிங்க, ஹாய்ட். எழுதிக்கிறேன்.”

“அப்போ கோழியப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவா?”

பம்ஃப்ரி நிஜமாகவே யோசித்தார். “வயசு சான்று வேணுமே,” என்றார்.

முறையீடு செய்ய ஒரே வழிதான் இருந்தது. ஊர் மன்றக் கூட்டம். அதில் பெற்றோர் எழுந்து நின்று பேச வேண்டும். ஹாய்ட்டுக்கு அன்று பால் சுற்று, தப்பிக்க முடியாது. ஆகவே லோரீன்தான் பேச வேண்டும். ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தாள்: ‘என் மகள் இந்த ஊரில்தான் தூங்குகிறாள்.’ கோழிகளிடம் சொல்லிப் பழகினாள். ஊர்வாசிகள் ஆனதிலிருந்து அவற்றுக்குக் கொஞ்சம் அலட்சியம் வந்துவிட்ட மாதிரி அவளுக்குப் பட்டது.

கூட்டத்துக்கு ஊரே திரண்டிருந்தது. வெள்ளிப் புல்வெளி நகர்க்காரர்கள் முன்னமே உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்; பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஆற்றங்கரைப் பழைய வீட்டுக்காரர்கள். வாசலிலேயே பம்ஃப்ரி நாடாவோடு நின்றார்.

“ஊர்வாசிகள் மட்டும்தான் உள்ள. உங்க வீட்ல அலமாரி இருக்கா?”

“எங்க வீடு எங்கப்பன் கட்டினதுய்யா. மரமுளை இருக்கு,” என்றார் மளிகைக்கடை அர்வில்.

“அப்போ நீங்க இங்க வசிக்கல.”

“நேத்து என் கடையில கடன் சொல்லி வெண்ணெய் வாங்கினியே, அது யாருகிட்ட வாங்கின?”

“கடை இருக்கு. நீங்கதான் இல்ல,” என்றார் பம்ஃப்ரி வருத்தமாக.

இப்படி ஒவ்வொருவராக இல்லாமல் போய் வாசலில் நின்றார்கள். லோரீன் சிறிய உருவம், சத்தமில்லாதவள். யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் ஹேஸல்டைன் அம்மாள் எழுந்தார். “நம் முன்னோர்கள் ஏன் வீட்டில் அலமாரி வைக்கவில்லை? அந்தக் காலத்தில் அலமாரியையும் ஓர் அறையாகக் கணக்கிட்டு வரி போட்டார்களாம். ஆகவே அலமாரி இல்லாமல் வாழ்ந்தார்கள். என்னே அவர்கள் அறிவு! இன்று நாம் அலமாரி இல்லாத அறையை அறையாகவே கணக்கிடுவதில்லை. என்னே நம் அறிவு!”

கைதட்டல் எழுந்தது. எந்த அறிவுக்குக் கைதட்டுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

“அம்மா, உங்க வீட்லயும் அலமாரி இல்ல,” என்று வாசலிலிருந்து பம்ஃப்ரியின் குரல் வந்தது. சொன்னேனே, நேர்மையானவர்.

ஹேஸல்டைன் அம்மாள் அசரவில்லை. “என் வீடு ஒரு நினைவுச்சின்னம். அதன் வாசலில் பலகை இருக்கிறது. நினைவுச்சின்னத்தில் எவரும் உறங்குவதில்லை. நான் சற்றுக் கண்ணயர்வதோடு சரி.”

“யோவ், உன் வீடு?” என்று அர்வில் வெளியிலிருந்து கத்தினார். “பேக்கரி மாடியில நீ இருக்கிற ரூம்ல என்ன இருக்கு? ரெண்டு ஆணிதானே?”

பம்ஃப்ரி நிமிர்ந்து நின்றார். “நான் இந்த ஊர்ல வசிக்கல. கடமையாத்துறேன்.”

“ராத்திரி?”

“ராத்திரியும்தான்.”

அலமாரி விதியை நிரந்தரமாக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளிப் புல்வெளி நகர்க்காரர்கள். ஒருமனதாக நிறைவேறியது. லோரீன் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். ‘என் மகள்’ என்கிற அளவுக்கு உதடு அசைந்தது. “அங்கே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, எடுத்து அடுக்கிவிடுங்கள்,” என்றார் ஹேஸல்டைன் அம்மாள், அவள் இருந்த திசையைப் பார்த்து. லோரீன் நாற்காலியை எடுத்து அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

டெஸ்ஸி வாசற்படியில் சிவப்பு ஷூவோடு உட்கார்ந்திருந்தாள். “அம்மா, நான் இந்த ஊருதானே?”

“ஆமாண்டி கண்ணு.”

“அவங்ககிட்ட சொல்லிட்டியா?”

லோரீன் அவளைத் தூக்கிக்கொண்டாள். ஷூ இடுப்பில் குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

விதி என்று ஒன்று நிறைவேறிவிட்டால் அது யாரையும் சும்மா விடாது. பழைய வீடுகளை எல்லாம் பூஜ்யமாக்கி முடித்த பம்ஃப்ரி, அடுத்து வெள்ளிப் புல்வெளி நகரை அளக்கக் கிளம்பினார். கேண்டஸ் அவரை வழக்கம்போல அலமாரிக்குக் கூட்டிப்போனாள். சரவிளக்கைப் பார்த்தார். சோபாவில் ரஸ்டி தூங்குவதைப் பார்த்தார். மூலைக் கதவைத் திறந்து கைப்பைகளைப் பார்த்தார்.

“ஜன்னல் இருக்கு. ஆள் தூங்குறாரு. அலமாரியும் இருக்கு,” என்று வாழ்த்துகிற குரலில் சொன்னார். “உங்களுக்கு ஒரு படுக்கையறை கூடியிருக்கு.”

கேண்டஸ் துள்ளிக் குதித்தாள். அவர் தொடர்ந்தார். படுக்கையறை கூடினால் உறங்குவோர் கூடுவர். உறங்குவோர் கூடினால் கழிவு கூடும். ஆகவே வாசல் புல்தரையைத் தோண்டிக் கழிவுத்தொட்டியைப் பெரிதாக்க வேண்டும். அதுவரை கழிப்பறைக்குப் பூட்டு.

பூட்டைப் பார்த்ததும் கேண்டஸின் ஆட்டம் அடங்கியது. தப்பிக்க ஒரே வழி அந்தப் படுக்கையறையைப் படுக்கையறை இல்லாமல் ஆக்குவது. அதற்கு உள் அலமாரியை உடனே இடிக்க வேண்டும். இடிக்கும் தூசியில் துணிகள் பாழாகிவிடும்.

மறுநாள் லோரீன் வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. உள்ளே முழுக்கத் துணி.

“லோரி கண்ணு, உன் வீட்லதான் இடம் நிறைய இருக்கு,” என்றாள் கேண்டஸ் மூச்சு வாங்க. “அந்தப் பெரிய பீரோ, சுவர் முழுக்க முளை… உண்மையச் சொல்லு, இதைவிடத் துணி வைக்க வசதி எங்க இருக்கு?”

“இல்லக்கா, பிள்ளை படுக்கிற…” என்று லோரீன் தொடங்கினாள். அவள் முடிப்பதற்குள் முதல் மூட்டை உள்ளே போய்விட்டது.

பீரோ நிறைந்தது. முளைகள் நிறைந்தன. ஹாய்ட் குறுக்குக் கொம்புகள் போட்டுக் கொடுத்தான். அவனுக்குத் தச்சு வேலை என்றால் கோபம்கூட மறந்துபோகும். ஜிகினா கவுன், மயிர்க்கோட்டு, கல்யாண உடை, பெயர் தெரியாத உடை. கட்டில்கள் அடங்கவில்லை. பின்னறைக்குச் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். கட்டில்களை இழுத்துவந்து சமையலறையிலேயே போட்டார்கள். ராத்திரி புரண்டு படுத்தால் ஹாய்ட்டின் கை மாவு டப்பாவில் இடித்தது. டெஸ்ஸிக்கு மட்டும் ஒரே குஷி. கண் விழித்ததும் பிஸ்கட் எட்டும் தூரத்தில் இருந்தது.

பள்ளிக்கூடம் திறக்கும் காலை. லோரீன் அடுப்பில் பால் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியின் மேல் ஊற்றித் தின்ன டெஸ்ஸிக்கு அது வேண்டும், பள்ளிக்கூடம் உண்டோ இல்லையோ. பஸ் ஓட்டும் வெர்னா முதல்நாளே சொல்லியிருந்தாள்: “பட்டியல்ல பேரு இல்லாத பிள்ளைய ஏத்த முடியாது லோரீன். ஆனா உன் வாசல்ல நிறுத்தி ஹார்ன் அடிப்பேன். அதுக்கு இன்னும் யாரும் விதி போடல.”

பஸ்ஸுக்கு முன்னால் பம்ஃப்ரி வந்தார். கடைசி அறிவிப்பை நேரில் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதும் விதி. பின்னறைக் கதவைத் திறந்தார்.

மயிர்க்கோட்டு ஒன்று அவர்மேல் சரிந்தது. அதைத் தொடர்ந்து கல்யாண உடை. பம்ஃப்ரி உள்ளே போனார், காணாமல் போனார். ஜிகினாவுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“அம்மா, இதுக்குள்ள கட்டில் இருக்கா?”

“இல்லீங்க,” என்றாள் லோரீன். பம்ஃப்ரி காதில் விழுந்த அவளுடைய முதல் சொல் அதுதான்.

“நாற்காலி?”

“இல்லீங்க.”

“துணி மாட்டுறதத் தவிர வேற எதுக்காவது இது பயன்படுதா?”

“இல்லீங்க.”

பிறகு பம்ஃப்ரி தலையில் ஒரு வலைத்தொப்பியோடு வெளியே வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. பாவம், அவருக்கும் இத்தனை நாள் சங்கடமாகத்தான் இருந்திருக்கிறது.

“கதவு உண்டு. சுவரோட சேர்ந்திருக்கு. துணி மாட்ட மட்டும்தான்,” என்றார் நடுங்கும் குரலில். “அம்மா, இது அறையே இல்ல. இது அலமாரி! இந்த ஊர்லயே பெரிய அலமாரி!”

ஹாய்ட் தானும் தலையை நீட்டி உள்ளே பார்த்தான்.

“அப்படின்னா, இந்த அலமாரி எந்த அறையில திறக்குதோ…” பம்ஃப்ரி மெல்லத் திரும்பிச் சமையலறையைப் பார்த்தார். பெரிய கட்டில். சின்னக் கட்டில். ஜன்னல். நாடாவை இழுத்தார். சர்ர்ர். அளவு சரி. தாராளமாகவே சரி. “…அதுதான் படுக்கையறை! படுக்கையறை: ஒன்று. பிள்ளை இங்கதான் தூங்குது!”

“அதைத்தானய்யா ஒரு மாசமா…” என்று ஹாய்ட் ஆரம்பித்தான். லோரீன் அவன் காலை மிதித்தாள்.

பம்ஃப்ரி வசிப்பிடச் சீட்டை எழுதினார். முத்திரை குத்தினார். மை காய வாயால் ஊதினார். சீட்டை நீட்டினார். டெஸ்ஸி ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு வந்தாள்.

“அம்மா! இன்னொரு ஷூ எங்க? படுக்கையறையிலயா, அலமாரியிலயா?”

“ரெண்டும் இல்லடி, அந்தா, அடுப்புக்குப் பக்கத்துல,” என்றாள் லோரீன்.

நீட்டிய சீட்டு அந்தரத்தில் நின்றது. பம்ஃப்ரியின் புருவங்கள் மெல்ல மேலேறின.

“அடுப்பா?” என்றார். “படுக்கையறையிலயா அடுப்பு? தீ விதிப்படி… அதோட, இது படுக்கையறைன்னா, இந்த வீட்ல சமையலறை எங்கம்மா? சமையலறை இல்லாதது வீடாகாதே?”

சீட்டு ஒரு விரல் பின்னால் போனது. வெளியே பஸ் திருப்பத்தில் இரையும் சத்தம் கேட்டது. டெஸ்ஸி ஷூவைக் கையில் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தாள். லோரீனுக்குக் கோழிகளிடம் பழகிய வாக்கியம் மறந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக, எங்கிருந்தோ, நன்றாக முற்றிய இன்னொரு வாக்கியம் தொண்டைக்கு ஏறி வந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். கூரை அதிரும் குரலில் சொன்னாள்.

“அது அடுப்பு இல்லீங்க ஐயா. நகர்த்தக்கூடிய பொருள். நாளைக்கே நாங்க அதைத் தூக்கிட்டுப் போயிட்டா, அப்போ அது என்ன?”

பம்ஃப்ரி அடுப்பைப் பார்த்தார். நாளைக்கு அது இல்லாத இடத்தையும் பார்த்தார். அவர் முகத்தில் மரியாதை படர்ந்தது. “இதை நான் யோசிக்கலியேம்மா,” என்றார். “சரி, அப்போ சமையலறை?”

“அது வந்துங்க, சமையலறைங்கிறது என்னன்னா, எந்த இடத்துல சுவரோட சேர்ந்த…”

பாம்! பாம்! வாசலில் மஞ்சள் நிறம் வந்து நின்றது.

“ஏ லோரீன்!” என்று வெர்னா கத்தினாள். “பிள்ளைய ஏத்துறியா, இல்ல உன்னையும் சேத்து ஏத்திக்கிட்டுப் போகவா?”

லோரீன் பம்ஃப்ரியின் விரல்களிலிருந்து சீட்டைப் பிடுங்கினாள். டெஸ்ஸியை ஒரு கையில் இடுக்கினாள். ஷூவைப் பல்லில் கவ்வப்போய், பேச வேண்டியிருந்ததால் கக்கத்தில் செருகினாள். கரண்டியைப் பம்ஃப்ரியின் கையில் திணித்துவிட்டு வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டே திரும்பி, “மிச்சத்த வந்து சொல்றேனுங்க ஐயா, அதுவரைக்கும் அந்த நகர்த்தக்கூடிய பொருள் மேல இருக்கிற குழம்பு அடிப்பிடிக்காம கொஞ்சம் கிண்டிவிடுங்க!” என்று கத்தினாள்.